பாடம் நடத்த நேரம் இல்லாத ஆசிரியர்கள்: என்னென்ன வேலை வாங்கலாம்? சட்டம் என்ன சொல்கிறது?

காலை 9.30 மணி. ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. காலை வணக்கக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆசிரியர் கையில் சாக்பீஸ் இருக்க வேண்டிய நேரத்தில் செல்போன் இருக்கிறது. வருகைப்பதிவை செயலியில் ஏற்ற வேண்டும். வராண்டாவில் எந்தத் தூண் பக்கம் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. செயலி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் வாட்ஸ்அப்பில் அடுத்த தகவல் வருகிறது: ஆதார் புதுப்பிக்காத மாணவர்கள் பட்டியல் வேண்டும், 11 மணிக்குள், மிக அவசரம். தலைமை ஆசிரியர் வட்டார வளமையத்தில் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். ஆக, ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும் இன்று இவர் ஒருவர் பொறுப்பு.

இது ஏதோ ஒரு பள்ளியின் கதை இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் யாரிடம் பேசினாலும், கொஞ்சம் முன்னே பின்னே, இதையேதான் சொல்வார். "பாடம் நடத்துறது கஷ்டமே இல்லைங்க, மத்த வேலைதான்" என்பது ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கும் வசனம். அந்த 'மத்த வேலை' என்ன? அதில் எதைச் செய்யச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? ஓர் ஆசிரியர் பத்து, இருபது ஆண்டுகள் சலிக்காமல் வேலை பார்க்க என்ன தேவை?

வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. ஆசிரியர் ஒருவரின் குறைந்தபட்ச வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி. பாடத்துக்குத் தயாராகும் நேரமும் இதற்குள்தான் வருகிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 மணி நேரக் கற்பித்தல். ஆறு முதல் எட்டு வரை 220 நாட்கள், 1,000 மணி நேரம்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். வாரம் 28 பாடவேளை எடுக்கும் பட்டதாரி ஆசிரியர் ஒருவர். ஒரு பாடவேளை 45 நிமிடம் என்றால் மொத்தம் 21 மணி நேரம். சட்டம் சொல்லும் 45 மணி நேரத்தில் மீதி 24 மணி நேரம் இருக்கிறது. 'அவ்வளவு நேரம் இருக்கே, அப்புறம் என்ன பிரச்சினை?' என்று கேட்கத் தோன்றும்.

நோட்டு திருத்துவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஐந்து பிரிவுகள், பிரிவுக்கு 40 மாணவர்கள் என்றால் 200 நோட்டு. ஒரு நோட்டுக்கு 2 நிமிடம் என்று ஓட்டமாக ஓடினாலும் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். ஒரே ஒரு வீட்டுப்பாடத்துக்கு ஆகும் நேரம் இது. பாடக்குறிப்பு எழுதுவது, வினாத்தாள் தயாரிப்பது, மதிப்பெண் பதிவு, மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி, பெற்றோர் சந்திப்பு எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. இவையெல்லாம் கற்பித்தலோடு ஒட்டிய வேலைகள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். புத்தகம், சீருடை, காலணி, உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு விவரம், ஆதார், புள்ளிவிவரப் படிவங்கள் என்று மற்றவை அந்த 24 மணி நேரத்துக்குள் நுழையும்போதுதான் கணக்கு உதைக்கிறது. முதலில் அடிபடுவது மறுநாள் பாடத்துக்கான தயாரிப்பு. ஏனென்றால் அது ஒன்றுக்குத்தான் 'இன்று மாலைக்குள் அனுப்பவும்' என்று கெடு கிடையாது.

ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் போனால்?

தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது இதே சட்டத்தின் விதி. 61 முதல் 90 வரை மூன்று பேர், 91 முதல் 120 வரை நான்கு பேர். எண்ணிக்கை அளவில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது நியாயமாகவே தெரியும். ஆனால் வகுப்புகள் ஐந்து. பாடங்களும் ஐந்து. இரண்டு பேரில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவருக்கு அலுவலகப் பணி தனி.

இதில் ஒருவர் பயிற்சிக்கோ, கூட்டத்துக்கோ, வாக்காளர் பட்டியல் பணிக்கோ போனால் அன்று அது ஓராசிரியர் பள்ளி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'அ' எழுதிக்கொண்டிருக்கும். ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லித் தர வேண்டும். தமிழ்நாட்டில் 2022ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துப் பிரிப்பதால் பல வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைப்பது ஓரளவு சாத்தியம்தான். ஆனால் அந்தத் திட்டத்தின் உயிரே ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் உட்காருவதில் இருக்கிறது. ஒருவரே ஐந்து வகுப்பையும் மேய்க்கும் நாளில் அது நடக்காது. அன்று நடப்பதெல்லாம் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் நிரந்தரமாகவே ஓராசிரியர் பள்ளிகள் என்கிறது மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25ஆம் ஆண்டுப் புள்ளிவிவரம்.

சட்டம் எந்த வேலைகளை அனுமதிக்கிறது?

கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். கல்வி சாராத பணிகளுக்கு ஆசிரியர்களைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. விதிவிலக்கு மூன்று: பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி. உள்ளாட்சி, சட்டமன்றம், நாடாளுமன்றம் என மூன்று தேர்தல்களும் இதில் அடங்கும்.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 2007 டிசம்பரில், தேர்தல் ஆணையத்துக்கும் டெல்லியைச் சேர்ந்த ஒரு பள்ளிக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறது. வாக்காளர் பட்டியல் திருத்தம், தேர்தல் வேலை ஆகியவற்றுக்கு ஆசிரியர்களை விடுமுறை நாட்களிலும் பாடம் இல்லாத நாட்களிலும்தான் பயன்படுத்த வேண்டும். வகுப்பு நேரத்தில் சாதாரணமாக அனுப்பக் கூடாது. ஆசிரியர் அல்லாத ஊழியர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இப்படி ஒரு தீர்ப்பு இருப்பதே பல ஆசிரியர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்தில் போய் நிற்பதில்லை. யாருக்குங்க வம்பு?

சரி, எமிஸ் பதிவு, செயலி, படிவம்? இங்கேதான் சூட்சுமம். 27ஆவது பிரிவு தடுப்பது 'கல்வி சாராத' பணிகளை. மாணவர் விவரத்தைக் கணினியில் ஏற்றுவது கல்வித் துறையின் வேலை என்பதால், ஏட்டளவில் அது கல்விப் பணிதான். ஆசிரியரின் நாளை அதிகம் அரிக்கும் வேலை சட்டம் கட்டிய வேலிக்கு உள்ளேயே இருக்கிறது. தேர்தல் வேலை ஐந்தாண்டுக்கு இரண்டு மூன்று முறை வரும். செயலி தினமும் வரும்.

தமிழ்நாட்டில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில், ஆய்வகத்துக்கென எடுக்கப்பட்டவர்களே எமிஸ் பதிவுகளையும் கவனிக்கும் ஏற்பாடு வந்தது. நல்ல மாற்றம். ஆனால் அப்படிப்பட்ட ஆய்வகம் இல்லாத தொடக்கப் பள்ளியில், அதுவும் ஆள் குறைவாக இருக்கும் இடத்தில், செல்போன் இன்னும் ஆசிரியர் கையில்தான்.

ஏன் இப்போது இவ்வளவு பேசப்படுகிறது?

வழக்கமான வேலைகளோடு மூன்று பெரிய பணிகள் வரிசை கட்டி வந்ததுதான் காரணம். 2025 நவம்பர் 4ஆம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கிய வாக்குச்சாவடி நிலை அலுவலர்களில் ஆசிரியர்களும் கணிசமாக இருந்தார்கள். அதை அடுத்து 2026 சட்டமன்றத் தேர்தல். அதோடு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: வீட்டுப் பட்டியல் தயாரிப்பு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் ஒவ்வொரு மாநிலமும் தேர்வு செய்யும் 30 நாட்களில், தலைக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில். பிப்ரவரி என்றால் பொதுத்தேர்வு வாசலில் நிற்கும் மாதம்.

மூன்றுமே 27ஆவது பிரிவு அனுமதிப்பவை. தனித்தனியாகப் பார்த்தால் எதையும் தவறு என்று சொல்ல முடியாது. ஒரே ஆசிரியரின் தலையில் மூன்றும் இறங்கினால் குருவி தலையில் பனங்காய்தான்.

தீவிரத் திருத்தத்தின்போது பணிச்சுமையால் அலுவலர்கள் உயிரிழந்ததாகப் பல மாநிலங்களில் இருந்து புகார்கள் வந்தன. 2025 டிசம்பர் 4ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சுமையைக் குறைக்கக் கூடுதல் ஊழியர்களை மாநிலங்கள் தர வேண்டும், தகுந்த காரணத்தோடு விலக்கு கேட்பவர்களின் கோரிக்கையைத் தனித்தனியாகப் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கணக்கெடுப்புப் பணிக்கு வரும் ஆசிரியர்களும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய உத்தரவு இது.

களைப்பு வேறு, கருகிப் போவது வேறு

வேலை அதிகமானால் அலுப்பு வரும், ஞாயிற்றுக்கிழமை தூங்கினால் போய்விடும். இது சாதாரணம். ஆண்டுக்கணக்கில் தீராத வேலை அழுத்தத்தால் வருவது வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019ல் இதைத் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் 'பணி சார்ந்த நிலை' என்று விளக்கியது. நோய் என்று சொல்லவில்லை. அதாவது கோளாறு ஆளிடம் இல்லை, வேலை அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1980களிலேயே இதை அளக்க ஒரு முறையை உருவாக்கினார். அவர் சொல்லும் அடையாளங்கள் மூன்று. மனம் வற்றிப் போவது முதலாவது. தன் வேலையால் எந்தப் பலனும் இல்லை என்று தோன்றுவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் பள்ளிக்கூடத்துக்கு ஆபத்தானது: எதிரில் இருப்பவர்கள் மனிதர்களாகத் தெரியாமல் போவது. நேற்று வரை 'நம்ம ராணி, கணக்குல கொஞ்சம் வீக், ஆனா படம் நல்லா வரைவா' என்று சொன்ன ஆசிரியர், 'வரிசை எண் 17, நிலை அரும்பு' என்று பேச ஆரம்பிப்பது. அவர் கெட்டவராகிவிட்டார் என்று அர்த்தம் இல்லை. பட்டியலாகவே ஆறு மாதம் பிள்ளைகளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். பிள்ளைக்குக் காரணம் புரியாது. 'டீச்சருக்கு என்னைப் பிடிக்கல' என்பது மட்டும் புரியும்.

ஊக்கம் எங்கிருந்து வருகிறது?

ஆசிரியர்கள் சோர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் வழக்கமாக நடப்பது ஒன்று: ஊக்கமூட்டும் பேச்சாளரைக் கூப்பிட்டு ஒரு பயிற்சி வகுப்பு. சுமையைக் குறைக்க இன்னொரு நாள் வகுப்பறையை விட்டு வெளியே. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு உளவியலாளர்களின் ஆய்வு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுவது. மனிதர்களுக்கு உள்ளிருந்து ஊக்கம் வர மூன்று வேண்டும் என்பது அவர்கள் முடிவு: தன் வேலையில் தானே சிலவற்றை முடிவு செய்யும் உரிமை, தனக்கு இது நன்றாக வருகிறது என்ற உணர்வு, கூட இருப்பவர்களோடு ஒட்டுதல். நாளைக்கு எந்தப் பக்கம் நடத்த வேண்டும், எந்தத் துணைக்கருவி காட்ட வேண்டும், எந்த வாரம் எந்தத் தேர்வு என்று எல்லாமே மேலிருந்து வந்தால் முதலாவது போய்விடுகிறது. தயாரிக்க நேரமில்லாமல் வகுப்புக்குள் நுழைந்தால் இரண்டாவது போய்விடுகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்திலும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தால் மூன்றாவதும்.

அதற்காகச் சம்பளமும் பணிப் பாதுகாப்பும் முக்கியம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய், மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டதில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. பக்கத்து வகுப்பில் அதே வேலை பார்ப்பவருக்கு வேறு சம்பளம் என்றால் எந்தப் பயிற்சி வகுப்பும் அதை ஆற்றாது. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இன்னொரு கவலை. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது அது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர் இப்போது தன் பிள்ளையோடு சேர்ந்து இரவில் படிக்கிறார். தீர்ப்பு சரியா தவறா என்பது தனி விவாதம். அந்தப் படிப்புக்கான நேரமும் அதே 24 மணி நேரத்தில் இருந்துதான் வர வேண்டும்.

வெளிநாடுகளில் என்ன செய்தார்கள்?

ஜப்பான் எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு உதாரணம். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பின் 2018ஆம் ஆண்டு ஆய்வில், ஜப்பான் நடுநிலை வகுப்பு ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை பார்த்தார்கள். கலந்துகொண்ட நாடுகளில் அதுவே உச்சம். மாலையில் நடக்கும் விளையாட்டு, இசைக் குழுக்களையும் அவர்களே பார்த்துக்கொள்வது ஒரு காரணம். கூடுதல் நேரத்துக்குக் காசு கிடையாது. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அடிப்படைச் சம்பளத்தில் 4 சதவீதம் மட்டும் சேர்த்துக் கொடுத்து அத்தோடு முடித்துக்கொண்டார்கள். எவ்வளவு வேலை வாங்கினாலும் செலவு ஒன்றே என்றால் யார் குறைப்பார்கள்? அந்த 4 சதவீதத்தைப் படிப்படியாக 10 சதவீதமாக்கும் சட்டத் திருத்தம் 2025ல்தான் நிறைவேறியது.

இங்கிலாந்து வேறு வழி எடுத்தது. 2005 செப்டம்பர் முதல், பாடம் நடத்தும் நேரத்தில் குறைந்தது 10 சதவீதத்தைத் தயாரிப்புக்கும் மதிப்பீட்டுக்கும் ஒதுக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த நேரத்தில் ஆசிரியரை வேறு வகுப்புக்கு அனுப்பக் கூடாது. 2016ல் நோட்டு திருத்துதல், பாடத் திட்டமிடல், தரவு சேகரிப்பு ஆகிய மூன்றையும் ஆராய்ந்து மூன்று அறிக்கைகள் வெளியாயின. ஒரு தகவலை ஒருமுறை மட்டும் சேகரித்து எல்லாத் தேவைக்கும் பயன்படுத்துங்கள், திருத்துவது பிள்ளைக்குப் பயன்பட வேண்டும், ஆய்வுக்கு வருபவருக்குக் காட்ட அல்ல என்பவை அவற்றின் சாரம். அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்றும் இல்லை. ஆசிரியர் பற்றாக்குறை இன்றும் அங்கே பெரிய பேச்சு.

இங்கே என்ன செய்ய முடியும்?

செலவே இல்லாமல் செய்யக்கூடியது, ஒரே தகவலை மறுபடி மறுபடி கேட்பதை நிறுத்துவது. எமிஸில் ஏற்கெனவே ஏற்றிய விவரத்தை எக்செல் தாளில் ஒருமுறை, வாட்ஸ்அப்பில் ஒருமுறை, கையெழுத்துப் பிரதியாக ஒருமுறை கேட்பது ஊரறிந்த வழக்கம். கேட்கும் அலுவலகமே எமிஸைத் திறந்து எடுத்துக்கொள்ளலாமே! அதற்குத்தானே அந்த மென்பொருள்?

பள்ளி அளவில் நிறைய தலைமை ஆசிரியர் கையில் இருக்கிறது. அவர் நிலை மத்தளம் மாதிரி, இரண்டு பக்கமும் இடி. ஆனாலும் வருகிற செய்தியை எல்லாம் அப்படியே பள்ளிக் குழுவில் தள்ளிவிடுவதா, அதில் இன்று தேவையானதை மட்டும் பிரித்து ஒரு நேரத்தில் கொடுப்பதா என்பதை அவரால் முடிவு செய்ய முடியும். முதல் இரண்டு பாடவேளையில் போனுக்கு வேலை இல்லை என்று ஒரு பள்ளி முடிவெடுத்தாலே காலை நேரம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். இரவு ஏழு மணிக்கு மேல் குழுவில் எதுவும் போடாமல் இருப்பதும் அப்படித்தான். உண்மையிலேயே அவசரம் என்றால் ஆளைக் கூப்பிட்டுப் பேசலாம்.

ஆசிரியர் தானே மாற்றிக்கொள்ளக்கூடியதில் பெரிது, நோட்டு திருத்துவது. 40 நோட்டையும் எழுத்து எழுத்தாகத் திருத்தாமல், பத்துப் பன்னிரண்டை ஆழமாகப் பார்த்தால் வகுப்பு எங்கே தடுக்குகிறது என்று தெரிந்துவிடும். பாதிப் பேர் 'பள்ளிக்குச் சென்றேன்' என்பதை 'பல்லிக்குச் சென்றேன்' என்று எழுதியிருந்தால், 20 நோட்டில் சிவப்பு மையால் சுழிப்பதைவிட மறுநாள் கரும்பலகையில் பள்ளியையும் பல்லியையும் வரைந்து காட்டினால் வேலை முடிந்தது. சிரித்துவிட்டு மறக்க மாட்டார்கள். அடுத்த வாரம் அடுத்த பன்னிரண்டு. ஆய்வுக்கு வரும் அலுவலர் இதை ஏற்றுக்கொண்டால்தான் இது நடக்கும். எல்லா நோட்டிலும் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் எண்ணினால் ஆசிரியர் கையெழுத்துதான் போடுவார், வாசிக்க மாட்டார்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தலைவர் பெற்றோர்தான். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களே இருக்க வேண்டும் என்பது சட்டம். கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றிப் பேசும் அந்தக் கூட்டத்தில், இந்த மாதம் எத்தனை நாள் ஆசிரியர் வேறு வேலைக்கு அனுப்பப்பட்டார் என்றும் கேட்டுத் தீர்மானத்தில் எழுதலாம். ஆசிரியர் கேட்டால் அது குறை சொல்வதாகத் தெரியும். பெற்றோர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தூக்கமின்மை, பள்ளி என்றாலே படபடப்பு, யாரிடமும் பேசப் பிடிக்காமல் போவது போன்றவை வாரக்கணக்கில் நீடித்தால் உதவி கேட்கத் தயங்க வேண்டாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.